நெஞ்சின் அதிர்வு: அளப்பதும் பொருள்கொள்வதும்

இதயத்தைப் பற்றி மருத்துவம் அறிந்துவைத்திருப்பதில் பெரும்பகுதி மூன்று வழிகளில் வந்து சேர்ந்தது. இதயத்தின் மின்செயல்பாட்டை ஈசிஜி பதிகிறது. ஓசையை ஸ்டெதாஸ்கோப் கேட்கிறது. சுவர்களும் வால்வுகளும் அசைவதை எக்கோ படமாகக் காட்டுகிறது. நான்காவது வழி ஒன்றும் உண்டு. ஒவ்வொரு துடிப்பிலும் நெஞ்செலும்பு மெல்ல அதிர்கிறது. உடல் முழுவதுமே சிறிது ஆடுகிறது. அந்த அசைவை நேரடியாக அளந்து, அதிலிருந்து இதயம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல முயல்வதே அந்த வழி. சுமார் நூற்றைம்பது ஆண்டு வரலாறு அதற்கு உண்டு. ஒரு முறை பெரும் எதிர்பார்ப்போடு எழுந்தது. பிறகு மருத்துவமனைகளிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போனது. இப்போது கைப்பேசியின் தயவில் மீண்டும் வந்திருக்கிறது. முதல் எழுச்சி ஏன் தணிந்தது என்று கேட்டால், அக்காலக் கருவிகள் போதவில்லை என்பதே வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது பாதிதான் உண்மை என்பது என் கருத்து. அளந்ததில் இருந்த பிழையைக் காட்டிலும், அளந்ததற்குப் பொருள் சொன்னதில் இருந்த பிழை பெரியது. அந்தப் பிழையை இன்றைய நுண்கருவிகள் தாமாகத் திருத்திவிடமாட்டா. நெஞ்சதிர்வு எதைச் சொல்லத் தகுதி உடையது, எதைச் சொல்லத் தகுதி அற்றது என்ற எல்லையை வரையறுப்பதுதான் இந்தச் சொற்பொழிவின் நோக்கம்.

இயற்பியலிலிருந்து தொடங்குவோம். படகிலிருந்து கரைக்குத் தாவுகிறவர் முன்னே பாயும்போது படகு பின்னே நகர்கிறது. இடது கீழறை ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தத்தை மகாதமனிக்குள் தலைப் பக்கமாகத் தள்ளும்போது, உடலும் அதே விதிப்படி கால் பக்கமாகச் சற்றே நகர்ந்தாக வேண்டும். எவ்வளவு என்று ஒரு காகிதத்தின் ஓரத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம். சுமார் 70 கிராம் எடையுள்ள இரத்தம் 10 செ.மீ. நகர்கிறது, உடலின் எடை 70 கிலோ என்று வைத்துக்கொண்டால், உடல் எதிர்த்திசையில் நகர்வது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனாலும் நல்ல தராசு ஒன்று இதை உணர்ந்துவிடும். 1877-இல் ஜே. டபிள்யூ. கார்டன் என்பவர் எழுதிய கட்டுரையின் அடிப்படை இதுவே: சுருள்வில் எடைக் கருவியின் மேல் ஒருவர் அசையாமல் நின்றாலும், அதன் முள் நாடித் துடிப்போடு சேர்ந்து ஆடுகிறது. 1905-இல் அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் யாண்டெல் ஹெண்டர்சன் இதே எதிருதைப்பை வளைகோடாகப் பதிந்து, அதிலிருந்து இதயம் தள்ளும் இரத்தத்தின் அளவைக் கணிக்க முயன்றார். அசைவைப் பதிந்த கையோடு அது இவ்வளவு இரத்தம் என்று சொல்லிவிடும் ஆசை அப்போதே தொடங்கிவிட்டது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வழி தவறிய இடம் அதுதான்.

இத்துறையை மருத்துவர்களின் கைக்குக் கொண்டுவந்தவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஐசக் ஸ்டார். 1939-இல் அவர் வெளியிட்ட முறையில் நோயாளி ஒரு மேசைமேல் படுப்பார். தலை-கால் திசையில் மட்டும் அசையக்கூடிய அந்த மேசையை விறைப்பான வில் ஒன்று பிடித்திருக்கும். மேசையின் நுண்ணிய அசைவைப் பன்மடங்கு பெருக்கிப் படச்சுருளில் பதிவார்கள். பாலிஸ்டோகார்டியோகிராம் என்று பெயர் பெற்ற அந்தப் பதிவில் அலைகள் எச், ஐ, ஜே, கே என்று வரிசையாகக் குறிக்கப்பட்டன. ஈசிஜி ஏற்கெனவே எடுத்துக்கொண்ட எழுத்துகளோடு குழப்பம் வராது. ஸ்டாரின் தொடக்க நம்பிக்கை, அலையின் உயரத்தைக் கொண்டு இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு இரத்தம் தள்ளுகிறது என்று கணக்கிடலாம் என்பதே. அந்த நம்பிக்கையை அவரே சோதனைக்கு உட்படுத்தியதுதான் எனக்கு அவரிடம் மிகப் பிடித்த விஷயம். பிணப்பரிசோதனைக்கு வந்த உடல்களைத் தம் மேசைமேல் கிடத்தி, மகாதமனியிலும் நுரையீரல் தமனியிலும் குழாய் பொருத்தி, சிரிஞ்சு வழியாகத் திரவத்தை வேகமாக உட்செலுத்தி, இறந்த உடலில் ஒரு துடிப்பைச் செயற்கையாக உண்டாக்கினார். எவ்வளவு திரவம் சென்றது, எந்த வேகத்தில் சென்றது என்று இரண்டும் இங்கே தெரியும். உயிருள்ள நோயாளியிடம் இரண்டுமே தெரியாது. கிடைத்த விடை அவருடைய முதல் எண்ணத்துக்குச் சாதகமாக இல்லை. அலையின் உயரம் திரவத்தின் கன அளவைவிட, அது எவ்வளவு விறுவிறுப்பாக வெளியேறத் தொடங்கியது என்பதையே அதிகம் பின்பற்றியது. அதாவது மேசை காட்டியது தள்ளப்பட்ட இரத்தத்தின் அளவை அன்று, தள்ளலின் விசையை. ஸ்டார் அதை ஏற்றுக்கொண்டு, பிற்காலத்தில் இதயத்தின் வலிமை என்ற கோணத்திலேயே எழுதிவந்தார். ஆனால் அந்தத் திருத்தம் துறை முழுவதையும் எட்டியதாகத் தெரியவில்லை.

1949-இல் வில்லியம் டாக் முதலானோர் மேசையே வேண்டாத கையடக்கக் கருவிகளைக் கொண்டுவந்தபின் 1950-களில் இந்தப் பதிவு பரவலாயிற்று. சிக்கல்களும் கூடவே பெருகின. விறைப்பான மேசை, தளர்வான மேசை, ஏறக்குறைய மிதக்கும் மேசை என்று மூவகை இருந்தன. ஒரே மனிதருக்கு மூன்றும் மூன்று விதமான வளைகோடுகளைத் தந்தன. காரணம் எளிது. உடல் மேசைமேல் ஒட்டிய கட்டை அன்று; தோலும் கொழுப்பும் தசையும் தாமே ஒரு வில்லாக ஆடுகின்றன. அந்த ஆட்டமும் மேசையின் ஆட்டமும் கலந்தே பதிவில் வருகின்றன. சிலர் இடப்பெயர்ச்சியைப் பதிந்தனர், சிலர் வேகத்தை, சிலர் முடுக்கத்தை. 1956-இல் அமெரிக்காவில் ஒரு குழு பெயர்களையும் மரபுகளையும் ஒழுங்குசெய்து அறிக்கை தரவேண்டிய நிலை வந்தது. இவையெல்லாம் கருவிக் கோளாறுகள். திருத்திவிடலாம், பின்னாளில் பெரும்பாலும் திருத்தவும்பட்டன. திருத்த முடியாதது வேறு. வயது ஏற ஏற, எந்த நோயும் இல்லாதவர்களிடமும் அலைகள் சிறுத்து உருக்குலைந்தன. முதியவரின் பதிவு இயல்புக்கு மாறாக இருந்தால் அது இதயத்தின் குற்றமா, தமனிகளின் விறைப்பா, வெறும் வயதா என்று பிரித்துச் சொல்ல வழி இல்லை. சிகரெட் புகைக்கவைத்து, அதற்கு முன்னும் பின்னும் பதிவெடுத்து, மாறுதல் தெரிந்தால் இதயத் தமனி நோய் இருக்கலாம் என்று சொல்லும் சோதனைகூட அக்காலத்தில் நடந்தது. இன்று அதை நடத்த எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. ஆயினும் ஒரே மனிதரை அவரோடே ஒப்பிட்டது என்ற அளவில், அக்காலச் சோதனைகளில் அது ஒருவகையில் புத்திசாலித்தனமானது என்பேன். இதற்கிடையே 1953-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எட்லரும் ஹெர்ட்ஸும் மீயொலியைக் கொண்டு இதயத்தின் அசைவைப் பதிந்துவிட்டனர். அந்த முறை எக்கோவாக வளர்ந்தபின், வளைகோட்டைப் பார்த்து ஊகிக்க வேண்டிய தேவை மருத்துவருக்கு இல்லாமல் போயிற்று.

இன்று புழங்குவது பெரும்பாலும் வேறொரு வகை. உடல் முழுவதின் ஆட்டத்தை விட்டு, நெஞ்செலும்பின் கீழ்ப்பகுதியில் சிறு முடுக்கமானி ஒன்றை ஒட்டி, அந்த ஓரிடத்து அதிர்வை மட்டும் பதிவது. இதற்கு சைஸ்மோகார்டியோகிராம் என்று பெயர். நெஞ்சதிர்வுப் பதிவு என்று சொல்லலாம். சோவியத் நாட்டில் 1961-இல் பொஷென்கோ இதை எழுதினார். பயேவ்ஸ்கி போன்றவர்கள் விண்வெளி மருத்துவத்துக்கு எடுத்துச் சென்றனர். மேற்கில் இதற்கு உயிரூட்டியவர்கள் 1980-களின் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டாவில் பணியாற்றிய ஸனெட்டியும் சலேர்னோவும். அதிர்வு எவ்வளவு சிறியது என்றால், புவியீர்ப்பு முடுக்கத்தில் ஆயிரத்தில் சில பங்குதான். அதன் ஆற்றலில் பெரும்பகுதி விநாடிக்கு 20 அதிர்வுகளுக்குக் கீழே கிடக்கிறது. அதாவது காதால் கேட்க முடியாத இடத்தில். ஸ்டெதாஸ்கோப் பிடிக்கும் லப்-டப் அதற்கு மேலே உள்ள சிறு பகுதி மட்டுமே. ஒரே ஒரு துடிப்பை அருகில் வைத்துப் பார்ப்போம். ஈசிஜியில் கூர்மையான ஆர் முகடு எழுந்த சில பத்து மில்லிவிநாடிகளில் மைட்ரல் வால்வு மூடுகிறது. நெஞ்செலும்பில் ஒரு சிறு நெளிவு. கீழறை நாலாபுறமும் அடைபட்ட அறையாக இறுகுகிறது. கோடு ஆழமான பள்ளத்துக்கு இறங்குகிறது. அழுத்தம் போதுமான அளவு உயர்ந்ததும் மகாதமனி வால்வு திறக்க, கோடு சட்டென்று எழுந்து அந்தத் துடிப்பின் மிக உயர்ந்த முகட்டைத் தொடுகிறது. அடுத்து இரத்தம் பாயும் காலம். கோடு சில முறை ஆடி அடங்குகிறது. சுமார் 300 மில்லிவிநாடி கழித்து மகாதமனி வால்வு மூடும்போது இரண்டாவது நெளிவுக் கூட்டம் எழுகிறது. அது முதலாவதைவிடச் சிறியது. அதன் பின்னால் மைட்ரல் வால்வு திறக்கும் இடம் தேடினால் மட்டுமே தென்படும். இவ்வளவும் ஒரு விநாடிக்குள்.

இந்தக் கோட்டில் இரண்டு வகைச் செய்தி இருக்கிறது. ஒன்று, முகடுகள் எவ்வளவு உயரம் என்பது. மற்றொன்று, அவை எப்போது வருகின்றன என்பது. என் வாதம் முழுவதும் இந்தப் பிரிவின் மேல்தான் நிற்கிறது. உயரம் இதயத்திலிருந்து புறப்பட்டாலும், நெஞ்செலும்பை வந்தடைவதற்குள் நுரையீரல், கொழுப்பு, தசை, எலும்பு என்று பலவற்றைக் கடக்கிறது. ஒவ்வொன்றும் அதை மாற்றுகிறது. மூச்சை உள்ளிழுத்தால் இதயத்துக்கும் எலும்புக்கும் நடுவே காற்று கூடுகிறது. அலையின் வடிவமே மாறிவிடுகிறது. படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தால் மாறுகிறது. கருவியை இரண்டு விரல் அகலம் தள்ளி ஒட்டினாலும் மாறுகிறது. பருத்த உடலில் ஒன்று, மெலிந்த உடலில் மற்றொன்று. உடல் முழுவதின் ஆட்டத்திலும் இதே கதைதான். 2016-இல் கிம், முக்காமலா, ஹான், இனான் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, அந்த அலை பெரும்பாலும் மகாதமனியின் ஏறுபகுதியிலும் இறங்குபகுதியிலும் உள்ள அழுத்த வேறுபாடுகளிலிருந்தே பிறக்கிறது என்று காட்டியது. அப்படியானால் அதன் உயரத்தில் தமனியின் பருமனுக்கும் விறைப்புக்கும் பங்கு உண்டு; இதயத்தை மட்டும் அதற்குப் பொறுப்பாக்க முடியாது. 1950-களின் முதியவர்களின் பதிவுகள் ஏன் மருத்துவர்களைக் குழப்பின என்பதற்கும் இங்கே ஒரு விளக்கம் கிடைக்கிறது.

கருவியின் சொந்த இரைச்சலும் உயரத்தையே முதலில் கெடுக்கும். கைப்பேசியில் இருக்கும் மலிவான முடுக்கமானியின் உள் இரைச்சல் ஏறக்குறைய புவியீர்ப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை போகும். அளக்க வேண்டிய அதிர்வே அதைப்போலச் சில மடங்குதான். 64 துடிப்புகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் இரைச்சல் எட்டில் ஒரு பங்காகக் குறையும். அதனால் பலரும் அப்படியே செய்கிறார்கள். அதற்கும் விலை உண்டு. உள்மூச்சின் துடிப்பும் வெளிமூச்சின் துடிப்பும் வெவ்வேறு வடிவம் கொண்டவை என்று சற்றுமுன் சொன்னேன். இரண்டையும் கலந்து எடுத்த சராசரி யாருடைய துடிப்பும் அல்லாத ஒரு துடிப்பு. நடந்தால் பேச்சே இல்லை. நடையின் குலுக்கல் இதய அதிர்வைப் போலப் பல பத்து மடங்கு. அதற்குள் இதயத்தைத் தேட முடியாது.

காலம் இப்படிக் கெடுவதில்லை. நெஞ்செலும்பு அதிர்வைப் பாதியாக்கினாலும், மகாதமனி வால்வு திறந்த நொடியை அது மாற்றுவதில்லை. திசுக்களைக் கடக்கும் தாமதம் சில மில்லிவிநாடிகள் இருக்கலாம். ஒரே மனிதரிடம் அது ஏறக்குறைய நிலையாக இருக்கும். கால அளவுகளின் மருத்துவப் பெறுமதியோ புதிதாக நிறுவப்பட வேண்டியதில்லை. 1968-இல் வைஸ்லரும் அவர் கூட்டாளிகளும் ஈசிஜி, இதய ஒலிப் பதிவு, கழுத்துத் தமனியின் நாடி ஆகிய மூன்றையும் ஒரே தாளில் பதிந்து, இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் இரண்டு காலங்கள் எதிரெதிராக நகர்வதைக் காட்டினர். மின் தூண்டல் தொடங்கியதிலிருந்து இரத்தம் வெளியேறத் தொடங்கும் வரையிலான காலம் நீள்கிறது. இரத்தம் வெளியேறும் காலம் குறுகுகிறது. நலமானவரிடம் முதலாவது ஏறத்தாழ 100 மில்லிவிநாடி, இரண்டாவது 300. விகிதம் மூன்றில் ஒன்றை ஒட்டி நிற்கும். தளர்ந்த இதயம் அழுத்தத்தை ஏற்றவே அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது, வால்வு திறந்தபின் விரைவிலேயே களைத்துவிடுகிறது, விகிதம் ஏறுகிறது. நெஞ்சதிர்வுப் பதிவும் ஓர் ஈசிஜியும் இருந்தால் இந்த இரண்டு காலங்களையும் கழுத்தில் எதையும் அழுத்தாமல், ஒலிவாங்கி இல்லாமல் எடுத்துவிடலாம்.

இங்கே ஓர் எதிர்ப்பு வரும், வரவும் வேண்டும். காலம் நம்பத்தக்கது என்கிறீர்களே, எந்த முகடு வால்வு திறந்த முகடு என்று யார் சொன்னது? இந்தக் கேள்வியை லேசாக ஒதுக்க முடியாது. அதிர்வின் முதன்மை அலைவெண் விநாடிக்கு 20 என்று கொண்டால் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 50 மில்லிவிநாடி இருக்கிறது. கணினி நிரல் ஒரு முகடு தள்ளித் தேர்ந்துவிட்டால் 100 என்பது 150 ஆகிவிடும். நலமான மனிதர் காகிதத்தில் இதயச் செயலிழப்பு நோயாளி ஆகிவிடுவார். 1994-இல் குரோவும் குழுவினரும் எக்கோவுடன் சேர்த்துப் பதிந்து முகடுகளுக்குப் பெயர் சூட்டினர். அந்தப் பட்டியலையே பலர் அப்படியே எடுத்தாண்டனர். 2018-இல் டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகக் குழு அதை மீண்டும் எக்கோவோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டியிருந்தது. ஆக, காலத்தை அளப்பதிலும் பொருள்கொள்ளல் நுழைந்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிழையின் தன்மை வேறு. உயரத்தில் வரும் பிழை மூச்சுக்கு மூச்சு, நாளுக்கு நாள் இடம் மாறும். முகட்டைத் தவறாகத் தேர்ந்த பிழையோ, தினமும் அதே முகட்டைத் தேர்ந்தால் ஒரே அளவில் நிற்கும். இன்றைய எண்ணிலிருந்து நேற்றைய எண்ணைக் கழித்தால் பிழையும் கழிந்துபோகும். ஒரு மனிதரை இன்னொரு மனிதரோடு ஒப்பிடும்போது மட்டுமே அது நம்மைக் கவிழ்க்கும். எனவே என் கூற்றை இப்படி இறுக்கிச் சொல்கிறேன்: நெஞ்சதிர்வில் காலத்தை நம்பலாம், அதுவும் அதே மனிதரின் முந்தைய பதிவோடு ஒப்பிடும்போது.

இரண்டாவது எதிர்ப்பு ஸ்டாரிடமிருந்தே வருகிறது. 1961-இல் அவரும் வுட்டும் வெளியிட்ட இருபதாண்டுத் தொடர் ஆய்வில், தொடக்கத்தில் நலமாக இருந்தவர்களின் முதல் பதிவில் அலை எவ்வளவு உயரம் என்பதற்கும், பிற்காலத்தில் அவர்களுக்கு வந்த இதய நோய்க்கும் இறப்புக்கும் தொடர்பு தென்பட்டது. உயரம் குறைந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல். உயரம் நம்பத்தகாதது என்றால் இது எப்படி நேர்ந்தது? விடை கடினமன்று. தமனி விறைப்பு, உடற்பருமன், தளர்ந்த இதயத் தசை ஆகியவை அலையைச் சிறுக்கவைக்கக் கூடியவை. அவை இதய நோயை வரவழைக்கக் கூடியவையும்தான். பல காரணங்களைக் கலந்து வைத்திருக்கும் ஓர் எண், ஒரு கூட்டத்தின் எதிர்காலத்தை முன்னுரைக்கலாம்; ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் உங்கள் இதயத்தில் இதுதான் கோளாறு என்று அது சொல்லாது. கூட்டத்தின் முன்னுரைப்பைத் தனிமனிதரின் நோயறிதலாக மாற்றிக்கொண்டது அந்தத் தலைமுறையின் தவறு. அந்தத் தவறைச் செய்ய இன்றும் ஆள் பஞ்சம் இல்லை.

மூன்றாவது எதிர்ப்பு இன்றைய நாகரிகத்தின் குரல். இயந்திரக் கற்றல் வந்துவிட்டது. எந்த முகடு எந்த வால்வு என்று நாம் அறிய வேண்டியதில்லை, ஆயிரக்கணக்கான பதிவுகளைக் கொடுத்தால் கணினியே கண்டுகொள்ளும் என்கிறார்கள். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வுகளையே எடுத்துப் பார்ப்போம். 2018-இல் ஜார்ஜியா டெக் நிறுவனத்தைச் சேர்ந்த ஓமர் இனானும் மருத்துவக் கூட்டாளிகளும் இதயச் செயலிழப்பு உள்ள 45 பேரின் நெஞ்சில் ஒட்டுக்கருவி பொருத்தினர். அவர்களில் 32 பேர் நிலைமை சீரானவர்கள், 13 பேர் நிலைமை மோசமடைந்தவர்கள். ஆறு நிமிட நடைச் சோதனைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொருவருடைய பதிவையும் எடுத்து, அவற்றின் வடிவம் எவ்வளவு மாறியது என்று கணினி கணக்கிட்டது. சீரான நிலையில் இருந்தவர்களின் பதிவு நடைக்குப் பின் கூடுதலாக மாறியது. மோசமடைந்தவர்களின் பதிவு அவ்வளவு மாறவில்லை. உழைப்புக்கு ஏற்றபடி ஈடுகொடுக்க அந்த இதயத்திடம் கையிருப்பு இல்லை. ஆய்வின் வெற்றியில் கணினிக்குப் பங்கு உண்டு. பெரும் பங்கு சோதனையின் அமைப்புக்கே உரியது. ஒவ்வொருவரும் தமக்குத் தாமே அளவுகோலாக வைக்கப்பட்டார். உடல்வாகும் கருவி ஒட்டிய இடமும் இரண்டு பதிவிலும் ஒன்றே என்பதால், அவை கணக்கிலிருந்து பெருமளவு விழுந்துவிட்டன. பின்லாந்தின் துர்க்கு நகரில் நடந்த ஆய்வும் என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. 2018-இல் வெளியான அந்த ஆய்வில், படுத்திருப்பவரின் மார்பில் சாதாரணக் கைப்பேசியை வைத்து, ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் என்னும் தாளம் தப்பிய துடிப்பைக் கண்டறிய முயன்றனர். பங்கேற்ற 300 பேரில் பாதிப்பேருக்கு அந்தக் கோளாறு இருந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தை ஒட்டிய துல்லியம் கிடைத்தது. ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷனின் முதல் அடையாளமே துடிப்புகளுக்கு இடைப்பட்ட காலம் ஒழுங்கின்றிச் சிதறுவது. அதிர்வு எவ்வளவு உயரம் என்பது அங்கே இரண்டாம் இடம். ஒன்று காலத்தை நம்பியது, மற்றொன்று தன்னோடு தன்னை ஒப்பிட்டது, இரண்டும் வென்றன. இந்த இரண்டையும் விட்டுவிட்டு, முன்பின் பார்த்திராத ஒருவரின் ஒற்றைப் பதிவைக் கொடுத்து நோயின் பெயரைக் கேட்டால், கணினியும் 1955-ஆம் ஆண்டு மருத்துவரின் நிலைக்கே வந்து சேரும். பயிற்றுவிக்கப்பட்ட மருத்துவமனையில் சரியாகச் சொல்லும், அடுத்த ஊரில் தடுமாறும்.

கடைசி எதிர்ப்பு நடைமுறை சார்ந்தது. மற்றவற்றைவிட வலுவானதும் அதுவே. எக்கோ இருக்கிறது, ஈசிஜி இருக்கிறது, இரத்தப் பரிசோதனைகள் இருக்கின்றன. இவ்வளவு நிபந்தனையோடு பேசும் ஓர் அதிர்வு எதற்கு? வைஸ்லரின் கால அளவுகளும் எக்கோ வந்ததும் ஒதுங்கவில்லையா? ஒதுங்கின; நியாயமாகவே ஒதுங்கின. வெளியேற்றத்துக்கு முந்தைய காலம் நீண்டிருப்பதற்குத் தளர்ந்த தசை மட்டுமே காரணம் ஆகாது. இடது கிளை மின்தடை இருந்தாலும் நீளும், உடலில் நீர் குறைந்தாலும் நீளும், மருந்துகளாலும் மாறும். காரணத்தைக் காட்டுவது எக்கோ, எண் காட்டாது. நோயறியும் மேசையில் நெஞ்சதிர்வுக்கு இடம் கேட்பது வீண். ஆனால் எக்கோ தினமும் எடுக்கும் சோதனை அன்று. இதயச் செயலிழப்பு நோயாளி மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போனபின், மீண்டும் மூச்சுத் திணறி வந்து சேரும் வரை நடுவில் என்ன நடந்தது என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. அந்த இடைவெளியில் தினம் ஒருமுறை, காலையில் எழுந்ததும் படுத்தபடியே ஒரு நிமிடம் எடுக்கும் பதிவு பயன்படக்கூடும். பயன்படக்கூடும் என்பதற்கு மேல் சொல்லமாட்டேன். அதற்குக் காரணமும் கையில் இருக்கிறது. 2010-இல் வெளியான டெலி-எச்எஃப் ஆய்வில் 1,653 நோயாளிகளைக் கொண்டு, எடையையும் அறிகுறிகளையும் தினமும் தொலைபேசி வழியே கண்காணித்துப் பார்த்தார்கள். மீண்டும் மருத்துவமனையில் சேர்வதும் இறப்பும் குறையவில்லை. அடுத்த ஆண்டு வெளியான சாம்பியன் ஆய்வில் 550 நோயாளிகளின் நுரையீரல் தமனிக்குள் பொருத்திய நுண்கருவியின் அழுத்த அளவைக் கொண்டு ஒரு பிரிவினரின் மருந்தை மட்டும் மாற்றியபோது, அப்பிரிவில் ஆறு மாதத்தில் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வது 28 விழுக்காடு குறைந்தது. இரண்டுமே தினசரி அளவுகள்தான். ஒன்று தோற்று மற்றொன்று வென்றதற்குக் காரணம் பல இருக்கலாம். முதன்மையானது, எடை ஏறுவதற்கு நெடுநாள் முன்பே அழுத்தம் ஏறத் தொடங்கிவிடுகிறது என்பதும், அழுத்தம் ஏறினால் மருத்துவர் என்ன செய்ய வேண்டும் என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தது என்பதும் என்று எண்ணுகிறேன். தமனிக்குள் கருவியைப் பொருத்தாமல், நெஞ்செலும்பின் மேல் ஒட்டிய ஒன்று அதே அளவு முன்கூட்டியே எச்சரிக்குமா என்பதுதான் இன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு விடை தருவது கருவியின் நுண்மை அன்று. நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவின் மருத்துவர்களுக்கு மட்டும் இந்த எண்ணைக் காட்டி, விளைவை எண்ணிப் பார்க்கும் சோதனை.

அத்தகைய சோதனைக்குப் போகும் பதிவுத்தாள் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடலாம். வெளியேற்றத்துக்கு முந்தைய காலம், வெளியேற்றக் காலம், இரண்டின் விகிதம் ஆகியவை மில்லிவிநாடிக் கணக்கில் இருக்க வேண்டும். பக்கத்திலேயே அதே மனிதரின் முந்தைய ஏழு நாள் அளவுகள். எந்த முகட்டை வால்வு திறந்த இடமாகக் கொண்டது என்பதைக் கோட்டின் மேலேயே ஒரு புள்ளியாகக் குறிக்க வேண்டும். மருத்துவர் உடன்படாவிட்டால் புள்ளியை நகர்த்தவும் வழி இருக்க வேண்டும். படுத்திருந்தாரா, உட்கார்ந்திருந்தாரா, எடுத்துக்கொண்ட துடிப்புகள் உள்மூச்சினுடையவையா வெளிமூச்சினுடையவையா, எத்தனை துடிப்புகள் கழித்துக்கட்டப்பட்டன என்பவையும் அதில் வேண்டும். முகடுகளின் உயரத்தை அச்சிடுவதில் தவறில்லை. இயல்பு, இயல்பல்ல என்ற முத்திரை மட்டும் அதன் பக்கத்தில் வேண்டாம். இப்போது விற்பனைக்கு வரும் செயலிகள் பலவற்றில் முத்திரைதான் பெரிய எழுத்தில் இருக்கிறது, கோடு எங்கோ மூன்றாம் திரையில் கிடக்கிறது. மருத்துவக் கல்லூரிகளில் இந்தக் கருவிகளை வாங்கும் பொறுப்பில் இருப்பவர்கள் விற்பனையாளரிடம் முதலில் கேட்டு வாங்க வேண்டியது அந்த மூன்றாம் திரையை.